சிவப்பை மஞ்சளில் சொருகு

லாஃப்டில் கிடக்கும் மஞ்சப்பையை வைத்து எங்கள் வீட்டில் ஒவ்வொரு போகிக்கும் ஒரு சண்டை நடக்கும். கணவர் ஏணி போட்டு ஏறி, பையை இறக்கி, தூசி தட்டி, "இதுல ஏதாவது ஒண்ணு எதுலயாவது பொருந்துமா?" என்று கேட்பார். பொருந்தும். அதுதான் பிரச்சினையே. அந்தப் பையில் இருக்கிற எல்லா வயரும் டிவிக்குப் பின்னால் ஏதாவது ஒரு துளையில் அழகாகப் பொருந்தும். படம்தான் வராது.

பை மறுபடி மேலே போய்விடும். காரணம், அதற்குள் இருக்கும் ஒரு கறுப்பு வயர். ஒரு முனையில் ஹெட்போன் பின் மாதிரி ஒன்று. மறுமுனை மூன்றாகப் பிரிந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மூன்று பின்னிலும் ஒரு காலத்தில் வெள்ளை டேப் ஒட்டி எண் எழுதியிருந்தது. இப்போது பிசின் கறை மட்டும் இருக்கிறது.

2007 கோடையில் வாங்கியது.

அப்போது நான் ஈசிஈ இரண்டாம் ஆண்டு. சிங்கப்பூரிலிருந்து மாமா பத்து நாள் லீவில் வந்திருந்தார். வியாசர்பாடியில் ஆயா வீடு. சித்தியும் சித்தப்பாவும் அதே வீட்டில்தான். மாமாவுக்குப் பையன் பிறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆயா அவனைப் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். விமான டிக்கெட் விலையில் மாமி, குழந்தை எல்லோரையும் கூட்டி வர முடியவில்லை என்று மாமா மட்டும் வந்தார். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. ஐபாடில் பையனைக் கொண்டு வந்திருந்தார்.

வீடியோ ஓடும் முதல் ஐபாட் அது. 2005 அக்டோபரில் வந்த மாடல், ஐந்தாம் தலைமுறை என்பார்கள். உள்ளே முப்பது ஜிபி ஹார்டு டிஸ்க். அதில் பையன் நடக்கப் பழகுவது, விழுவது, விழுந்துவிட்டுத் தனக்குத்தானே கை தட்டிக்கொள்வது என்று பதினோரு நிமிஷம். திரை இரண்டரை அங்குலம். ஆயாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. ஐபாடைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், முந்தானையால் துடைத்தாள்.

"இன்னாடா இது, கடுகு கணக்கா தெரியுறான். பொட்டில போடு."

பொட்டி என்றால் டிவி. 2006 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அரசு கொடுக்க ஆரம்பித்த 14 அங்குல கலர் டிவி. ஊரே அதைக் கலைஞர் டிவி என்றது. (அடுத்த செப்டம்பரில் அதே பெயரில் ஒரு சேனலும் வந்துவிட, "கலைஞர் டிவில கலைஞர் டிவி தெரியல" என்று ஆயா கேபிள்காரரிடம் புகார் சொன்னதும், அந்த மனுஷன் ஒரு நிமிஷம் திகைத்து நின்றதும் தனிக் கதை.) அவள் வீட்டில் செட்டாப் பாக்ஸ் கிடையாது. 2003-லேயே நாட்டில் முதல் ஊராக, கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி வைத்தே தீர வேண்டும் என்ற முறை சென்னையில் வந்துவிட்டிருந்தது. ஆனால் ஆயாவுக்கு இலவசச் சேனல்களே போதும். கேபிள் வயர் நேரே ஆன்டெனா துளைக்குள் போனது. ஆகவே டிவியின் முன்பக்க மூடிக்குள், வெளிக்கருவியிலிருந்து படமும் ஒலியும் வாங்க இருந்த ஏவி துளைகள் யாரும் தொடாமல் புதுசாக இருந்தன. இரண்டு துளைகள். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. ஒற்றை ஸ்பீக்கர் டிவி என்பதால் சிவப்புக்கு இடமில்லை.

மாமா கேபிளைச் சிங்கப்பூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தெருமுனையில் கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணனிடம் கேம்கார்டர் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். ஒரு முனை ஐபாடின் ஹெட்போன் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. மஞ்சளை மஞ்சளில் வைத்தேன், வெள்ளையை வெள்ளையில் வைத்தேன். சிவப்பு, போக இடமில்லாமல் டிவி மேஜையிலிருந்து தொங்கியது. ரிமோட்டில் ஏவி பட்டனை அமுக்கியதும் திரை நீலமானது. சித்தி பாயை விரித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

சத்தம் வந்தது. பையன் சிரிக்கிறான். மாமி "வா, வா, அம்மாகிட்ட வா" என்கிறாள். தொப்பென்று விழுகிற சத்தம், கை தட்டுகிற சத்தம். திரை மட்டும் நீலமாகவே இருந்தது. அவன் கீச்சென்று கத்தும்போது மட்டும் நீலம் ஒரு தடவை நடுங்கி, குறுக்கே சில கோடுகள் ஓடின.

மாமா ஐபாட் மெனுவில் நுழைந்து, வீடியோ செட்டிங்ஸில் 'டிவி அவுட்' என்று இருந்ததை 'ஆன்' ஆக்கினார். உடனே ஐபாடின் சின்னத் திரையில் இருந்த படமும் போய்விட்டது. அந்த மாடலில் அப்படித்தான். படத்தை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டால் தன் திரையில் காட்டாது.

"இருந்ததும் போச்சா?" என்றாள் ஆயா.

அந்த செமஸ்டரில்தான் டிவி சிக்னல் பற்றி எட்டு மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். படம் முழுக்க ஒரே கம்பியில் போகும் காம்போசிட் வீடியோ உச்சத்திலிருந்து அடிவரை ஒரு வோல்ட், எழுபத்தைந்து ஓம் கேபிள், ஒவ்வொரு வரிக்கும் முன்னால், வரி இங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் ஒரு சிங்க் துடிப்பு என்று படம் வரைந்து பாகம் குறித்தவள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அன்றைக்கு ராத்திரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மறுநாள் சித்தப்பாவும் நானும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மவுண்ட் ரோடுக்கு பஸ். காசினோ தியேட்டர் பக்கம் திரும்பி உள்ளே நுழைந்தால் போதும், அப்புறம் யாரும் வழி கேட்க வேண்டாம். நாம் கேட்பதற்கு முன்னால் "என்ன பாக்குறீங்க, என்ன பாக்குறீங்க" என்று குரல்கள் பின்னால் வரும். சித்தப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். ரயில் பெட்டிக்குள் 110 வோல்ட் லைன் இழுத்துப் பழகிய கை. வழியெல்லாம் அந்த வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "எங்க கோச்சுல ஒவ்வொரு வயருக்கும் நம்பர் மாட்டியிருக்கும்மா. கலர வச்சு எவனும் வேலை செய்ய மாட்டான். கலர் போடுறது கம்பெனி இஷ்டம்" என்றார். அப்போது அதன் அருமை எனக்கு விளங்கவில்லை.

நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு கடை. கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூல் போடும் அளவு இடம். என் வயதுதான் இருக்கும் அந்தப் பையனுக்கு. ஐபாடுக்கென்று வருகிற அசல் கேபிள் தன்னிடம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டான். பிறகு எங்கள் கையிலிருந்த வயரின் பின்னை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"அக்கா, இதுல கறுப்பு வளையம் எத்தினின்னு எண்ணுங்க."

மூன்று.

"ரெண்டு இருந்தா வெறும் பாட்டுக்கு. மூணு இருந்தா நாலு வழி. லெஃப்ட், ரைட், எர்த், வீடியோ. கேமராக்காரன் ஒரு வரிசைல வச்சிருக்கான், ஐபாடுக்காரன் வேற வரிசைல வச்சிருக்கான். வயரு அதேதான். நீங்க சிவப்ப எடுத்து மஞ்சள்ல சொருகுங்க. மஞ்சள எடுத்து வெள்ளைல போடுங்க. கலர நம்பாதீங்க."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் பெரிய சொல்.

இரவல் வயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று அதே போல ஒன்று அறுபது ரூபாய்க்கு வாங்கினோம். பையன் சொன்னதை ரயிலில் நோட்டில் வரைந்து பார்த்தேன். அந்த வகை கேம்கார்டர் வயரில் பின்னின் நுனி மஞ்சளுக்குப் போகிறது, முதல் வளையம் வெள்ளைக்கு, அடுத்தது எர்த், அடிப்பாகம் சிவப்புக்கு. ஐபாடோ நுனியில் இடப்பக்க ஒலியையும், அடுத்ததில் வலப்பக்க ஒலியையும், அடிப்பாகத்தில் படத்தையும் அனுப்புகிறது. ஆக முந்தின ராத்திரி ஆயா வீட்டில் நடந்தது இதுதான்: வெள்ளையில் போன ஒலி ஒழுங்காகப் போய் ஒலியாகவே கேட்டது. மஞ்சளில் படம் போக வேண்டிய இடத்தில் இன்னொரு ஒலி போய் முட்டியது; அதில் சிங்க் துடிப்பைத் தேடிய டிவி எதுவும் கிடைக்காமல் நீலத்தில் நின்றது. குழந்தை கத்தியபோது திரை நடுங்கியது அதனால்தான். படம்? மாமா டிவி அவுட்டை ஆன் ஆக்கியதிலிருந்து அது வெளியே வந்துகொண்டேதான் இருந்தது. இடமில்லை என்று நான் தொங்கவிட்ட சிவப்பு பின்னில்.

இந்த உருண்டைப் பின்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆர்சிஏ பின் என்பார்கள். ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனியின் பெயர்தான் அது. 1930களில் கிராமபோன் தட்டு ஓட்டும் கருவியை ரேடியோவோடு இணைக்கச் செய்தது. அன்றைக்கு டிவியே வீடுகளில் இல்லை. உள்ளே ஒரு கம்பி, சுற்றிலும் எர்த். அவ்வளவுதான். நிறம் பின்னால் வந்த வழக்கம். கம்பிக்கு நிறம் தெரியாது.

அன்று மாலை சிவப்பை மஞ்சளில் சொருகினேன். படம் வந்தது. கறுப்பு வெள்ளையில் வந்தது. வந்து, மேலிருந்து கீழே உருண்டது. பையன் தலை கீழேயும் கால் மேலேயுமாகத் திரையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

ஆயா சிரித்துவிட்டாள். "கொயந்த ராட்டினம் ஆடுது பாரு."

இந்தத் தடவை என் படிப்பு கைகொடுத்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி முறை: ஒரு படத்துக்கு 525 வரி, நொடிக்கு ஏறத்தாழ முப்பது படம். நம்முடையது பால் (PAL) முறை: 625 வரி, நொடிக்கு இருபத்தைந்து. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இங்கே கலர் வந்தபோது எடுத்துக்கொண்ட முறை. நிறத்தைச் சுமந்து வரும் அலை அவர்களுக்கு 3.58 மெகாஹெர்ட்ஸ், நமக்கு 4.43. டிவி 4.43-இல் காது வைத்துக்கொண்டு காத்திருக்க, நிறம் 3.58-இல் வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? கறுப்பு வெள்ளை அதனால். உருண்டது, நொடிக்கு அறுபது தடவை மேலிருந்து கீழே வரைய வருகிறவனை ஐம்பது தடவைக்காரன் பிடிக்கப் பார்த்ததால். வீடியோ செட்டிங்ஸில் 'டிவி சிக்னல்' என்று ஒரு வரி இருந்தது. சக்கரத்தைச் சுற்றி, என்டிஎஸ்சியைப் பால் ஆக்கினேன். உருளல் நின்றது. சட்டைக்கு நிறம் வந்தது. ஆரஞ்சு.

பதினோரு நிமிஷத்தை அன்று ராத்திரி நான்கு தடவை போட்டோம். படம் பெரிதாக்கியதில் கட்டம் கட்டமாக உடைந்துதான் தெரிந்தது. ஆயா டிவிக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் விழும்போதெல்லாம் இவள் கை முன்னால் நீண்டது.

சித்தப்பா மறுநாள் டேப் கிழித்து மூன்று பின்னிலும் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிவைத்தார். அடுத்த வருஷம் மாமா புது ஐபாட் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் புது ஐபாட் இருக்கிறதே, அது 2007 செப்டம்பரில் வந்த கிளாசிக். அடுத்த முறை அவர் வந்தபோது அதே எண் போட்ட வயரைப் பெருமையாக எடுத்து வந்து சொருகினேன். ஒன்றுமே வரவில்லை. பின் பொருந்தியது, பாட்டுக் கேட்டது, படத்துக்கான நாலாவது வழியை அந்த மாடலில் எடுத்துவிட்டார்கள். கீழே இருந்த முப்பது பின் அகலத் துளை வழியாகத்தான் இனி படம். சரி என்று பர்மா பஜாரில் அகலப் பின் வயர் ஒன்று வாங்கினோம். அதுவும் கிளிக்கென்று உட்கார்ந்தது; அதுவும் படம் தரவில்லை. அங்கீகாரம் பெற்ற கேபிளுக்குள் ஒரு சின்னச் சிப் இருக்குமாம். அது 'நான் உங்கள் ஆள்தான்' என்று அடையாளம் சொன்னால்தான் ஐபாட் படத்தைத் திறந்துவிடும். போலி வயரில் கம்பி எல்லாம் இருந்தது, சிப் இல்லை. இவ்வளவுக்குப் பிறகு 2012-இல் அந்த முப்பது பின் துளையையே கைவிட்டு லைட்னிங் என்று வேறொன்றுக்குப் போனார்கள். பர்மா பஜார் வயர் மஞ்சப்பைக்குப் போனது.

பிறகு ஆண்ட்ராய்டு போன் காலம். 2010 வாக்கில் எம்எச்எல் என்று ஒரு ஏற்பாடு வந்தது, சார்ஜ் போடுகிற அதே மைக்ரோ யூஎஸ்பி துளை வழியாகவே எச்டிஎம்ஐ டிவிக்குப் படம் அனுப்ப. சித்தப்பா மகன் கேலக்ஸி எஸ்2 வைத்திருந்தான். அதற்கு ஒரு அடாப்டர் வாங்கினான், நன்றாக ஓடியது. அடுத்து எஸ்3 மாற்றினான். அதே மாதிரித் துளை, அதே அடாப்டர் உள்ளே போகிறது, படம் இல்லை. முந்தையது ஐந்து பின், புதியதில் அதே அளவுக்குள் பதினொன்று வைத்திருந்தார்கள். நடுவில் சொருக ஒரு குட்டித் துண்டு தனியாக விற்றார்கள். அதுவும் பையில் இருக்கிறது.

இப்போது டைப்-சி. எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்று ஊரெல்லாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. எனக்கு வரவில்லை. எல்லாத் துளையும் ஒரே மாதிரி இருப்பதைவிடப் பெரிய ஏமாற்று எது?

போன வருஷம் பக்கத்து ஃப்ளாட் அம்மா ஒரு டைப்-சி எச்டிஎம்ஐ வயரோடு கதவைத் தட்டினார். ஆன்லைனில் வாங்கியது. மகள் கல்யாண வீடியோவை டிவியில் போட வேண்டும், வரமாட்டேன் என்கிறது, வயர் கோளாறு போல, ரிட்டர்ன் போட்டுத் தர முடியுமா என்றார். என் போனில் சொருகினேன், படம் வந்தது. அவர் போனில் சொருகினேன், 'நோ சிக்னல்'. வயரில் கோளாறு இல்லை. டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர். அதற்குள் என்னென்ன ஓடும் என்பது போனுக்குப் போன் மாறும். வயர் வழியாகப் படம் வெளியே வர, டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி போனுக்குள் இருக்க வேண்டும். நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் அந்தத் துளைக்குப் பின்னால் பழைய யூஎஸ்பி 2.0 மட்டும்தான், சார்ஜ் ஏறும், பைல் போகும், படம் போகாது. ஐபோனில் 15 முதல் இந்தத் துளை, அதில் படமும் வரும். சாம்சங்கின் எஸ் வரிசையில் எஸ்8-இல் இருந்தே வரும். வாங்குமுன் போனின் விவரத்தாளில் இந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். கடைக்காரர் "எல்லா டைப்-சி-க்கும் ஆவும் மேடம்" என்று சொன்னால், உங்கள் போனை அங்கேயே ஒரு டிவியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய ஐபோன் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லைட்னிங் துளைக்கென்று விற்கிற மலிவு அடாப்டர்களுக்குத் தனியாகச் சார்ஜர் மின்சாரம் கொடுத்தால்தான் உயிர் வரும். வாலாக ஒரு யூஎஸ்பி தொங்கும், அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

அந்த அம்மாவுக்குப் பென்டிரைவில் போட்டு டிவியின் யூஎஸ்பி துளையில் சொருகிக் கொடுத்தேன். கேபிள் பைத்தியமான எனக்கே இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொந்த வீடியோ என்றால் பத்தில் ஏழு தடவை இதுதான் சுலபம்.

என் போனில் படம் வந்தது என்றேனே, அதிலும் ஒரு நாள் சத்தம் மட்டும் வந்தது. ஒரு ஓடிடி படத்தை மலிவு அடாப்டர் வழியாக டிவியில் போட்டேன். வசனம் கணீரென்று கேட்கிறது, திரை கறுப்பு. எச்டிசிபி என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு அது. போனும் டிவியும், நடுவில் இருக்கும் அடாப்டரும், மூன்றும் பூட்டைத் திறக்கத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் படத்தை மூடிவிடும். எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் ஒரு கணம் ஆயா வீட்டு நீலத் திரை ஞாபகம் வந்தது.

வித்தியாசம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கோளாறு பேசும். திரை நடுங்கினால் ஒலி நுழைந்திருக்கிறது, கறுப்பு வெள்ளை என்றால் நிறத்தின் அலைவரிசை தப்பு, உருண்டால் முறை தப்பு. வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரி உட்கார்ந்து கண்டுபிடிக்கலாம். எச்டிஎம்ஐ-யின் பத்தொன்பது பின்னுக்குள் என்ன சண்டை நடந்தாலும் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே வரி, 'நோ சிக்னல்'. படம் தெளிவாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற ஆளோடு வாழ்வது கஷ்டம்.

இந்த டிசம்பரில் மாமா பையன் சென்னைக்கு வந்தான். சிங்கப்பூர்ப் பையன்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை எல்லாம் முடித்துவிட்டான். ஆறடி. ஆயா 2016-லேயே போய்விட்டாள். அவளை அவன் பார்த்தது மொத்தம் மூன்றே தடவை. சித்தப்பா ரிட்டயர்டு ஆகி, முட்டி வலியோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். பேச்சுவாக்கில் ஐபாட் கதை வந்தது. "இன்னும் வேலை செய்யுதாக்கா?" என்றான்.

பேட்டரி செத்து வெகுநாள் ஆகிறது. ஆனால் அகலப் பின் வயரைச் சார்ஜரில் மாட்டி வைத்தால் ஐபாட் விழித்துக்கொள்ளும். உள்ளே குட்டி ஹார்டு டிஸ்க் சிள்வண்டு மாதிரிச் சுற்றுகிற சத்தம் கேட்கும். டிவிதான் சிக்கல். எங்களுடைய புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் கிடையாது. அதற்குப் பதில் ஒரு சின்ன ஏவி துளை, அதோடு கம்பெனி கொடுத்த குட்டி வயர் ஒன்று இருந்திருக்கும், அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும். அந்தத் துளைக்குக் கையில் கிடைத்த வயரைப் போட்டும் பார்க்க முடியாது; அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வரிசை வேறு. பதினெட்டு வருஷம் கழித்தும் அதே பின், அதே மூன்று வளையம், அதே கதை.

ஆகவே அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். காசினோ இன்னும் இருக்கிறது. மாடிப்படிக் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் தொங்குகிறது. வேறொரு கடையில் ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டர் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. இதிலும் ஏமாறலாம்: எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்குவதும் அச்சு அசல் இதே டப்பாதான், இதே துளைகள்தான், மேலே அச்சிட்ட எழுத்தின் வரிசை மட்டும் மாறியிருக்கும். படம் ஒரு பக்கமாகத்தான் போகும், திருப்பி மாட்டினால் போகாது. கடைக்காரர் முதலில் மாற்றித்தான் கொடுத்தார். படித்துப் பார்த்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து கன்வெர்ட்டருக்கு யூஎஸ்பி மின்சாரம் கொடுத்து, எச்டிஎம்ஐ-யை டிவியில் மாட்டினேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்க, மஞ்சப்பையிலிருந்து அந்தக் கறுப்பு வயரை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். டேப்பும் எண்ணும் உதிர்ந்துபோனதை அவனிடம் சொல்லவில்லை. எந்தப் புத்திசாலிப் பிள்ளையும் செய்வதை அவன் செய்தான். மஞ்சளை மஞ்சளில், வெள்ளையை வெள்ளையில், சிவப்பைச் சிவப்பில். இந்த டப்பாவில்தான் மூன்று துளையும் இருக்கிறதே.

சமையலறைக்குக் கேட்டது. டிவியின் ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் மாமியின் இளங்குரல், "வா, வா, அம்மாகிட்ட வா." மறுபக்கத்து ஸ்பீக்கரில் ர்ர்ர்ர் என்று ஒரே இரைச்சல், பெரிய வண்டு ஒன்று உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி. திரை நீலம்.

"அக்கா, ஸ்பீக்கர் போச்சு போல. என்னமோ கத்துது."

கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த சித்தப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"அது கத்தலடா. அதான் நீ. சிவப்ப எடுத்து மஞ்சள்ல சொருகு."